துண்டு போட்டு மூடுன கண்ணாடி

மஞ்சக்கல் அருவிக்குக் கீழ இருக்க எங்க கார் ஸ்டாண்டுல, கண்ணாடியில ஆளுக மொகம் ஒட்டிக்கிட ஆரம்பிச்சது ஆனி மாசம் கடைசிச் செவ்வாக்கெழம, காலையில இட்லி தின்னுட்டுக் கை கழுவுற நேரம். ஏன் ஒட்டுச்சு, எதுக்கு ஒட்டுச்சுன்னு எங்கிட்ட கேக்காதீங்க, எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கிட நேரமும் இல்ல. அந்த ஒரு மாசத்துல மட்டும் பதினோரு காரோட கண்ணாடிய ஒடச்சு, பை, செல்லு, சங்கிலி, ஒரு பிள்ளையோட வெள்ளிக் கொலுசக் கூட விடாம எவனோ அள்ளிட்டுப் போயிருந்தான். நானும் பிரமுவும் தெனமும் ஒடஞ்ச சில்லத் தூத்து வேலியோரமாக் குமிச்சுக் குமிச்சு, அந்தக் குமியல் முழங்கால் ஒசரம் வந்துருச்சு. கண்ணாடிக்கே பொறுக்க மாட்டாமத்தான் இப்படிச் செஞ்சுதுன்னு ஊர்ல ஒரு பேச்சு. பொறுக்கலைன்னா கள்ளன் கைய வெட்டிருக்கணும், அத விட்டுட்டு ஊரு மூஞ்சியெல்லாம் சேத்து வச்சு என்ன புண்ணியம்னு நான் கேட்டேன்.

நான் ஆவுடையம்மா. சாரல் விழுற மூணு மாசமும் இந்த ஸ்டாண்டுல டோக்கன் கிழிச்சுக் குடுக்கேன். எங்க வீட்டுக்காரரு நடத்துன ஸ்டாண்டு, அவரு போன பெறவு நானும் அவரு கூடப்பொறந்த தங்கச்சி பிரமுவும் நடத்துதோம். எங்க ரெண்டு பேரு கஞ்சிக்கும் இதுதான் வழி. பஞ்சாயத்து பிரசிடெண்டு லிங்கதுரை ஆனி மாசமே வந்து, "ஆவுடை, இன்னொரு காரு ஒடஞ்சுதுன்னா ஸ்டாண்ட வேற ஆளுக்குக் குடுத்துருவோம், பெறவு என்னையக் கொற சொல்லாத"ன்னு, எல்லாரு முன்னாலயும் வச்சுச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

என்னையக் கொற சொல்லுதாரே, குளிக்க வாற ஜனத்த ஒரு வார்த்த சொன்னாரா? அதுகளுக்குப் புத்தி சொல்லியே என் தொண்ட போச்சு. கார நிப்பாட்டுவாக, எறங்குவாக, ஸ்டாண்டுல நிக்குற அம்பது பேரும் பாக்க நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாப்பாக, நாலு பக்கமும் நீ பாத்தா நாலு பக்கத்துல இருக்கவனும் ஒன்னையப் பாப்பானா மாட்டானா, அதெல்லாம் யோசிக்காம கழுத்துச் சங்கிலியக் கழட்டி, கைக்குட்டையில முடிஞ்சு, கைக்குட்டையப் புளியோதரைத் தூக்குவாளிக்குள்ள வச்சு, தூக்குவாளிய சீட்டுக்கடியில தள்ளி, கதவப் பூட்டி, பூட்டிருக்கான்னு இழுத்துப் பாத்து, பத்தடி போயி, திரும்பி வந்து, தொறந்து, சங்கிலி இருக்கான்னு எடுத்துப் பாத்துட்டு, கடைசியா ஒரு துண்ட எடுத்து மேல போட்டு மூடிட்டு, அப்பத்தான் அருவிக்குப் போவாக. ஒவ்வொருத்தருக்கும், இந்த எடம் தனக்கு மட்டும்தான் தோணுச்சுன்னு நெனப்பு. வாற காரெல்லாம் தூக்குவாளி, இல்லாட்டி பிள்ளைக்குக் கட்டுற டயப்பர் பாக்கெட்டு, இல்லாட்டி ஸ்டெப்னிக் குழி, எல்லாத்துக்கும் மேல துண்டு. அந்தத் துண்டுதான் எனக்கு ஆகாது.

"துண்டு போட்டு மூடுனா உள்ள என்னமோ இருக்குன்னு ஊருக்கே தெரியும்மா. ஒண்ணு கையோட கொண்டு போங்க, இல்லைன்னா வீட்டுல வச்சுட்டு வாங்க"ன்னு ஒரு நாளைக்கு நூறு தடவ கத்துவேன். பெயிண்டு அடிச்சுப் பலகையும் வச்சேன். அந்தப் பலகை மேல ஈரத்துண்டக் காயப்போட்டுட்டுப் போனாக.

"அஞ்சு நிமிசம்தானக்கா, ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துருவோம், நீங்கதான் இருக்கீங்கள்லா"ம்பாக. இருக்கேன், இருக்கேன். இருநூறு காருக்கு நாலு கண்ணு இருக்கு, அதுல ரெண்டு பிரமுவோடது.

பிரமுவப் பத்தியும் சொல்லிருதேன். பதினோரு வருசத்துக்கு முன்ன, கட்டிக் குடுத்த வீட்டுல அவ மொகம் வெந்துபோச்சு. ஸ்டவ்வு வெடிச்சுருச்சுன்னு சொன்னாக, நாங்களும் அப்படியே எழுதிக் குடுத்துட்டு அவளக் கூட்டிட்டு வந்துட்டோம். அத இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது, ஆனா அன்னைக்கு எழுதிக் குடுத்தது நாங்கதான். எங்க வீட்டுல இருந்த கண்ணாடியெல்லாம் அவ கண்ணுல படாம ஆக்குனது நான். அவளும் அதுக்கப்பொறம் எந்தக் கண்ணாடியையும் பாத்ததில்ல. ஸ்டாண்டுல முந்தானையால பாதி மொகத்த மூடிக்கிட்டு, காருக்குப் பின்னால நின்னு விசில் ஊதி, "வரட்டும், வரட்டும், ஒடி, ஒடி"ன்னு எடம் காட்டுவா. காருக்கு முன்னால வர மாட்டா, பக்கவாட்டுல நடந்தா தலையக் குனிஞ்சு மண்ணப் பாத்துத்தான் நடப்பா. கார நம்பர் பலகைய வச்சுத்தான் அவளுக்கு அடையாளம்.

அந்தச் செவ்வாக்கெழமைக்கு வாரேன். பஸ் ஸ்டாண்டு டெய்லர் மாசானம் தெனமும் கடைக்குப் போற வழியில, எங்க ஸ்டாண்டுல நிக்குற ஏதாவது ஒரு காருல தலை சீவிட்டுப் போறது வழக்கம். அன்னைக்கும் ஒரு செவப்புக் காருல குனிஞ்சு வகிடு எடுத்தான், மீசைய நீவுனான், சீப்பப் பையில சொருகிட்டுப் போயிட்டான். மாசானம் போயிட்டான், மூஞ்சி போகல. கண்ணாடியில அப்படியே நின்னுச்சு, சீவுன முடியும் நீவுன மீசையுமா, தன்னையே ஆசையாப் பாத்துக்கிட்டு. நான் வாளித் தண்ணி கொண்டாந்து தேச்சேன், புளி போட்டுத் தேச்சேன், சாம்பல் போட்டுத் தேச்சேன். போகாதது மட்டுமில்ல, தேச்சு முடிச்சு நிமிந்து பாத்தா அவன் மூஞ்சிக்குப் பக்கத்துல என் மூஞ்சியும் ஒட்டியிருக்கு, வேத்து வழிஞ்சு கடுகடுன்னு.

மத்தியானத்துக்குள்ள நாப்பது மூஞ்சி ஆகிப்போச்சு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, எங்க ஊர்ல காரு கண்ணாடியப் பாக்காதவன் ஒருத்தனும் கெடையாதுன்னு. காலரு சரி பண்ணவன், பல்லு இடுக்குல கீரை இருக்கான்னு பாத்தவன், பருவக் கிள்ளுனவன், கொண்டை குத்துனவ, முந்தானைய இழுத்து விட்டவ, திருநீறு மூணு கோடும் நேரா இருக்கான்னு பாத்த பூசாரி, எப்படிச் சிரிச்சா எடுப்பா இருக்கும்னு அஞ்சாறு விதமாச் சிரிச்சுப் பாத்த காலேஜ் பிள்ள, அதுக்கு மட்டும் அஞ்சாறு மூஞ்சி. காரு கெளம்பிப் போனாலும் மூஞ்சி போகாது. அந்த எடத்துலயே காத்துக் கெடந்து, அடுத்து வாற காரு நின்னதும் அதோட கண்ணாடியில ஏறிக்கிடும். மழையில அழியாது. போட்டோ பிடிச்சா விழாது.

மொத நாளு ஊரே பயந்துச்சு. ரெண்டாம் நாளு வேப்பெல கட்டுனாக. மூணாம் நாளு பழகிப்போச்சு. வெளியூர்க்காரங்கதான் மொதல்ல அலறுவாக, பெறவு புரோட்டாக் கடை உச்சிமாகாளி, "அது இங்க அப்படித்தான், ஒண்ணும் செய்யாது, சால்னா ஊத்தவா?"ம்பான், அவுகளும் ஊத்துங்கன்னுட்டுச் சாப்பிட ஒக்காந்துருவாக. தேர்தல்ல நிக்கப்போற ஒரு ஆளு போஸ்டருக்குப் பதிலா ஒவ்வொரு காராக் கும்பிடு போட்டுக்கிட்டே போயி எரநூறு மூஞ்சி ஒட்டிட்டுப் போனாரு. கல்யாணத் தரகரு பொண்ணு வீட்டுக்காரங்களக் கூட்டியாந்து, "போட்டோவுல ஏமாத்தலாம், இதுல ஏமாத்த முடியாது, பாத்துக்கோங்க"ன்னு மாப்பிள்ளையக் காட்டுனாரு. ஒரு ஆளு மட்டும், ஒங்க ஊரு மூஞ்சியெல்லாம் என் கண்ணாடிய மறைக்கு, அதனால டோக்கன் வாங்க மாட்டேன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்தான்.

பால்காரரு சுப்பக்கோனாரு ஆடி ஒண்ணாந்தேதி நெஞ்சு வலி வந்து செத்துப்போனாரு. மூணாம் வரிசையில, புளியமரத்துக்கு நேரா நிக்குற கண்ணாடியில அவரு மூஞ்சி இருந்துச்சு, தலையில உருமாக்கட்டோட. அவரு பொஞ்சாதி செல்லத்தாயி தெனமும் பதினோரு மணிக்கு வந்து, ஒரு செங்கல்லப் போட்டு ஒக்காந்து, மாடு எவ்வளவு கறந்துச்சு, எந்த வீட்டுல தண்ணிப் பாலுன்னு சொன்னாகன்னு எல்லாத்தையும் அவருட்டச் சொல்லிட்டுப் போவா. அந்த எடத்துல எப்பவும் ஒரு காரு நிக்குற மாதிரி பிரமு பாத்துக்கிடுவா. காரு எடுக்க வாறவங்க கிட்ட, "செத்த நேரம் பொறுங்கய்யா, அந்தம்மா பேசி முடிச்சுறட்டும்"ன்னு அவதான் சொல்லுவா. ஒருத்தரும் மாட்டேன்னு சொன்னதில்ல.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். மாட்டுனான்டா கள்ளப்பய, இனிம எவன் ஒடச்சாலும் அவன் மூஞ்சி தங்கிருமேன்னு இருந்தேன். ஆடி ரெண்டாஞ் சனிக்கெழம பன்னெண்டாவது காரு ஒடஞ்சுது, பட்டப்பகல்ல, கூட்டத்துக்கு நடுவுல. ஓடுனேன். ஒடஞ்சது சில்லு சில்லாக் கெடக்கு, மிச்சம் இருந்த மூணு கண்ணாடியிலயும் பதினேழு மூஞ்சி. பூசாரி இருக்காரு, மாசானம் இருக்கான், உச்சிமாகாளி இருக்கான், பிரசிடெண்டு லிங்கதுரையே வெத்தலப் பல்லக் காட்டிட்டு இருக்காரு. ஊரே இருக்கு. இதுல எவனப் பிடிக்க? எனக்கு அழுகையா வந்துச்சு. சவம், ஒரு அதிசயம் நடக்கு, அது கூட நமக்கு ஒதவுற மாதிரி நடக்குதா பாருங்க. லிங்கதுரையக் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு வாரம் தவணை வாங்குனேன்.

அன்னைக்குத்தான் இன்னொண்ணையும் கண்டுபிடிச்சேன். அந்த மூஞ்சியெல்லாம் தன்னத்தானே பாத்துக்கிட்டு நின்னுச்சு, கண்ணு நேரா இருந்துச்சு. ஒரே ஒரு மூஞ்சி மட்டும் கண்ணத் தாழ்த்தி, சீட்டு மேல என்ன இருக்குன்னு உள்ள பாத்துக்கிட்டு இருந்துச்சு. அது நான். அடுத்த காருலயும் நான். அதுக்கு அடுத்ததுலயும் நான். பின்ன, தெனமும் ஒவ்வொரு காராக் குனிஞ்சு, எதையாவது வச்சுட்டுப் போயிருக்காகளா, கூப்பிட்டுச் சொல்லுவோமான்னு பாக்குறவ நான்தான? அத நான் சொன்னா ஊரு நம்புமா? அங்கன கெடந்த துண்ட எடுத்து அந்தக் கண்ணாடி மேல போட்டேன், பக்கத்துக் காரு மேலயும் ஒண்ணு. நான் உள்ள பாத்துக்கிட்டு இருக்க கண்ணாடியா பாத்து வரிசை பூராவும் போட்டேன், அதுக்குப் பெறவு வந்த காருகளுக்கும் தெனமும் போட்டேன். அருவிக்கரையில காரு மேல துண்டு காயுறது புதுசா என்ன, ஒருத்தரும் ஏன்னு கேக்கல.

அடுத்த சனிக்கெழம தேன்மொழி டீச்சர் வந்தாக, சிவகாசிப் பக்கம். கூட மக. திங்கக்கெழம அந்தப் பிள்ளைக்குக் காலேஜ் கவுன்சிலிங்காம், போற வழியில ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போவோம்னு வந்துருக்காக. பிள்ளையோட பத்தாவது, பன்னெண்டாவது, சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரிஜினல், ஒரு தோல் பையில. நான் போயிச் சொன்னேன், சாமி சத்தியமாச் சொன்னேன், "டீச்சர், பையக் கையோட கொண்டு போங்க, பிரமு காவலுக்கு நிப்பா, அவகிட்டயாவது குடுங்க"ன்னு. அவுக பிரமுவ ஒரு பார்வை பாத்தாக. "இல்லம்மா, கார்லயே இருக்கட்டும்"னு சீட்டுக்கடியில தள்ளி, மேல துண்டப் போட்டுட்டுப் போயிட்டாக. திரும்பி வந்தப்ப கண்ணாடி இல்ல, பை இல்ல, துண்டு மட்டும் கெடந்துச்சு. அந்தப் பிள்ள ஈரத்துணியோட மண்ணுல ஒக்காந்து அழுத அழுகையில எனக்கு டீச்சர் மேல இருந்த ஆத்திரமெல்லாம் போயிருச்சு.

ஞாயித்துக்கெழம காலையில பத்து மணிக்கு ஸ்டாண்டுலயே பஞ்சாயத்து கூடுச்சு. ஏட்டையா வந்துருந்தாரு. மூஞ்சியிருக்கவங்கள்லாம் சந்தேகம்னா ஊரையே பிடிச்சு உள்ள வைக்கணும்னு எல்லாரும் முழிச்சுட்டு நின்னப்ப, லிங்கதுரைக்கு ஒரு ஞானம் வந்துச்சு. "ஏ, யோசிச்சுப் பாருங்க. இங்க பாத்தா மூஞ்சி ஒட்டும்னு ஊருக்கே தெரியும். கள்ளன் ஒட்ட விடுவானா? அப்ப யாரு மூஞ்சி எதுலயுமே இல்லையோ, அதுதான் கள்ளன்"ன்னாரு. ஆகா, இதுல்லா மூளைன்னு கூட்டம் மெச்சுச்சு. ரேசன் கடையிலருந்து கார்டு லிஸ்ட்ட வரவழைச்சாக. ஒவ்வொரு பேராப் படிக்க, அவுகவுக போயித் தன் மூஞ்சியத் தொட்டுக் காட்ட, ரேசன் கடைக்காரரு டிக்கு அடிச்சாரு. சீனி வாங்குற மாதிரி வரிசையில நின்னு காட்டுனாக. என் பேரு வந்தப்ப, மாசானத்துப் பக்கத்துல இருந்த கடுகடு மூஞ்சியக் காட்டுனேன், டிக்கு விழுந்துச்சு. செத்துப்போன சுப்பக்கோனாருக்குக் கூட செல்லத்தாயி போயித் தொட்டுக் காட்டி டிக்கு வாங்கிட்டா. எரநூத்தி முப்பத்தாறு வீடும் படிச்சு முடிச்சாக. டிக்கு இல்லாம ஒரே ஒரு பேரு நின்னுச்சு.

"பிரமு"ன்னு படிச்சாரு.

அவ காருக்குப் பின்னால, விசில் கழுத்துல தொங்க, மண்ணப் பாத்துட்டு நின்னா. "எங்கட்டி ஒன் மூஞ்சி?"ன்னு ஒருத்தன் கேட்டான். "காலையிலருந்து ராத்திரி வரைக்கும் இங்கனயேதான் கெடக்கா, ஒரு கண்ணாடியில கூட விழலைன்னா எம்புட்டு உசாரா இருந்துருக்கணும்"னு இன்னொருத்தி சொன்னா. தெனமும் பிரமு விசில் சத்தத்தக் கேட்டுத் திரிஞ்சவங்கதான் எல்லாரும். ஏன் விழலைன்னு அதுல ஒருத்தருக்குக் கூடவா தெரியாது? தெரியும். பாதிப் பேருக்கு நல்லாவே தெரியும். வாயத் தொறக்கத்தான் ஒருத்தரும் இல்ல. நானும் தொறக்கல, அதையும் சொல்லிருதேன்.

லிங்கதுரை எங்கிட்ட வந்து தணிஞ்ச கொரல்ல, "ஆவுடை, ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. ஸ்டாண்டு ஒனக்கே இருக்கட்டும். இவள மட்டும் ஏட்டையா கூட அனுப்பி வச்சுரு, அவரு கேக்க வேண்டியத கேட்டுக்கிடுவாரு"ன்னாரு. ஏட்டையா பெல்ட்ட சரி பண்ணாரு. ஸ்டாண்டு எனக்கே இருக்கட்டும்னு சொன்ன ஒடனே என் மனசு ஒரு எட்டு அந்தப் பக்கம் போச்சு, பொய் சொல்ல மாட்டேன், போச்சு. அப்ப பிரமு நிமிந்து என்னையப் பாத்தா. கெஞ்சல, அழல, சும்மா பாத்தா. பதினோரு வருசத்துக்கு முன்ன, ஆஸ்பத்திரியில நான் அந்தப் பேப்பர்ல ஸ்டவ்வுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டப்பவும் கட்டுக்கு நடுவுல இருந்து இப்படித்தான் பாத்தா.

எனக்கு எங்க இருந்து அம்புட்டு ஆங்காரம் வந்துச்சோ தெரியல. விறுவிறுன்னு போயி மொதக் காரு மேல கெடந்த துண்ட உருவுனேன், ரெண்டாவதுல உருவுனேன், வரிசை பூரா உருவி உருவித் தரையில எறிஞ்சேன். "பாருங்கவே! நல்லாப் பாருங்க! ஒங்க மூஞ்சியெல்லாம் ஒங்களையே பாத்து இளிச்சுட்டு இருக்கு. சீட்டுல என்ன இருக்குன்னு உள்ள பாக்குற மூஞ்சி இந்த ஸ்டாண்டுலயே ஒண்ணுதான், அது இந்த ஆவுடை மூஞ்சி! நான்தான் ஒவ்வொரு காராக் குனிஞ்சு பாத்தவ, நான்தான் மறைச்சு வச்சவ! மூஞ்சிய வச்சுக் கள்ளனப் பிடிக்கணும்னா என்னையப் பிடிங்க! அவ பாக்காம இருந்தது ஏன்னு ஒங்க ஒருத்தனுக்கும் தெரியாதா? கோட்டிப் பயலுகளா!"

கூட்டம் எங்கிட்டத் திரும்புச்சு. "அப்ப நீதானா?"ன்னு உச்சிமாகாளி கேட்டான், நேத்து வரைக்கும் அக்கா அக்கான்னவன். "கூட்டுக் களவாணிக, ரெண்டும் சேந்துதான் செஞ்சுருக்கு"ன்னு பின்னால ஒரு சத்தம். லிங்கதுரை ரேசன் லிஸ்ட்ட மடக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, "அப்ப ஸ்டாண்டு கெடையாது"ன்னாரு.

அந்தக் கூச்சலுக்குள்ள பிரமு நடந்து போனா. தலை குனியாம நடந்து போனா. தேன்மொழி டீச்சரோட காரு அங்கதான் நின்னுச்சு, ஒடையாத கதவுக் கண்ணாடிக்கு முன்னால போயி, முந்தானைய மொகத்துலருந்து எடுத்துட்டு, நேரா நின்னு பாத்தா. கூச்சல் பையப் பைய அடங்குச்சு. ஒரு நிமிசம் ஆச்சு, ரெண்டு நிமிசம் ஆச்சு, அவ அசையல. எடது பக்கம் திருப்பிப் பாத்தா, வலது பக்கம் திருப்பிப் பாத்தா. காதுக்குப் பின்னால முடிய ஒதுக்குனா. பெறவு எங்கிட்டத் திரும்பி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேட்டா:

"இம்புட்டுதானா மைனி?"

நான் கையில மிச்சம் இருந்த துண்டக் கீழ போட்டேன்.

"நீங்க ஒளிச்ச ஒளிப்புக்கு, நான் என்னமோ ஏதோன்னுல்லா நெனச்சுட்டேன்"ன்னா.

அவ நகந்து வந்தா, கண்ணாடியில அவ மூஞ்சி நின்னுச்சு. வெந்த பக்கமும் வேகாத பக்கமுமா, கண்ணு நேரா. ரேசன் கடைக்காரரு என்ன நெனச்சாரோ, லிங்கதுரை கக்கத்துல இருந்த லிஸ்ட்ட உருவி அவ பேருக்கு நேரா டிக்கு அடிச்சாரு. ஏட்டையா, வேற சோலி கெடக்குன்னு கெளம்பிட்டாரு. ஒவ்வொருத்தரா நழுவுனாக, போறப்ப ஒருத்தரும் எந்தக் கண்ணாடியையும் பாக்கல. டீச்சர் மட்டும் நின்னு, பிரமு கையப் பிடிச்சு அழுதுட்டு, அவகிட்ட போன் நம்பர் வாங்கிட்டுக் காருல ஏறுனாக.

கள்ளன் பொதன்கெழம அகப்பட்டான். இங்க இல்ல, முப்பது மைலு தள்ளி வேற ஒரு அருவியில. ரெண்டு பேரு, பைக்குல வந்தவனுக. பை, செல்லு, டீச்சர் மகளோட சர்டிபிகேட்டுன்னு எல்லாம் அவனுக ரூமுல சாக்கு மூட்டையில கெடந்துருக்கு. டீச்சர் கெஞ்சிக் கூத்தாடி கவுன்சிலிங்க ஒரு வாரம் தள்ளி வாங்கிருந்தாக, அந்தப் பிள்ளைக்கு எடம் கெடச்சுருச்சுன்னு பெறவு பிரமுவுக்குப் போன் வந்துச்சு. அவனுக மூஞ்சி ஏன் ஒரு கண்ணாடியிலயும் விழலைன்னு ஏட்டையா வந்து சொன்னாரு பாருங்க, எனக்கு அப்படியே செவுத்துல முட்டிக்கிடலாம் போல இருந்துச்சு. ஹெல்மெட் போட்டுட்டு வந்துருக்கானுக. அவ்வளவுதான்! இந்த ஊரு, இந்த பிரசிடெண்டு, இந்த மூளை, எரநூத்தி முப்பத்தாறு வீட்டையும் வரிசையில நிக்க வச்சு டிக்கு அடிச்சாகளே, மூஞ்சிய மூடிட்டு வந்தா மூஞ்சி ஒட்டாதேன்னு ஒருத்தனுக்காவது தோணுச்சா? எனக்குந்தான் தோணுச்சா? ஸ்டாண்டு கெடையாதுன்ன லிங்கதுரை, அதுக்குப் பெறவு அந்தப் பேச்சையே எடுக்கல. மன்னிச்சுருன்னும் சொல்லல.

ஏட்டையா வந்து சொன்ன அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல இதத்தான் கத்திட்டு இருந்தேன். "மூஞ்சிய மூடிட்டு வந்தவன விட்டுட்டு, கூட இருக்கவளப் போயி"ன்னு அடுப்படியில பாத்திரத்தப் போட்டு உருட்டிட்டு இருந்தேன். பிரமு குளிச்சுட்டு ஈரத்தலையோட வந்தா. எங்க வீட்டு நடு அறையில ஒரு பீரோ இருக்கு, கதவுல ஆளு ஒசரத்துக்குக் கண்ணாடி. அவள ஆஸ்பத்திரியிலருந்து கூட்டிட்டு வந்த அன்னைக்கு நான் அதுமேல ஒரு துண்டப் போட்டு, நாலு மூலையிலயும் ஆணி அடிச்சு வச்சேன். துவைக்கக் கூட எடுத்ததில்ல. அவ அதத் தாண்டித்தான் பதினோரு வருசமா நடந்தா, படுத்தா, எந்திச்சா. நான் நல்லதுதான் செய்யுதேன்னு இருந்தேன்.

அவ அந்தத் துண்டோட ஒரு மூலையப் பிடிச்சு இழுத்தா. இத்துப்போன துணி, ஆணியோட கிழிஞ்சு வந்துருச்சு.

"மைனி, துண்டு போட்டு மூடுனா உள்ள என்னமோ இருக்குன்னு ஊருக்கே தெரியும்னு நீங்கதான சொல்லுவீக?"ன்னு, தூசியத் தட்டிக்கிட்டே கேட்டா. கோவமாக் கேக்கல, அதுதான் எனக்குத் தாங்கல. பாத்திரத்த வச்சுட்டுத் தரையில ஒக்காந்துட்டேன்.

கண்ணாடி தூசி பிடிச்சுக் கெடந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. மேல ஓரத்துல அஞ்சாறு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்துச்சு, கல்யாணத்துக்கு முன்ன அவ ராத்திரி கழட்டி ஒட்டி வச்சது, மெரூனு ஒண்ணு, கருப்பு ஒண்ணு, நடுவுல கல்லு வச்சது ஒண்ணு. அவ விரலால தூசிய வழிச்சு, மெரூன் பொட்ட நகத்தால பேத்து எடுத்து, நெத்தியில வச்சு அமுத்துனா. நிக்கல, விழுந்துருச்சு. இன்னொரு தடவ அமுத்துனா, அதுவும் விழுந்துருச்சு.

"பசை போயிருச்சு"ன்னு, கண்ணாடிக்குள்ள இருந்தே என்னையப் பாத்துச் சொன்னா. "நாளைக்கு ஸ்டாண்டுக்குப் போறப்ப புதுசு ஒரு அட்டை வாங்கணும், ஞாபகப்படுத்துங்க."